யார் வாசல் பனி

எங்கள் வீதிக்குப் பனி வாரும் வண்டி வருவது பெரும்பாலும் விடியற்புறத்தில்தான். நித்திரையிலேயே கேட்கும். இரும்புத் தகடு தாரில் உரசும் கரகரப்பு, பின்னால் எடுக்கும்போது அடிக்கும் பீப் சத்தம். ஜன்னல் சீலையில் நீல விளக்கு ஒன்று சுழன்று போகும். வீதியின் நடுவை வண்டி சுத்தமாக வழித்துவிடும். வழித்ததெல்லாம் எங்கே போகும்? இரண்டு கரையிலும் உள்ள வீடுகளின் வாயிலுக்குத்தான். டிரைவ்வேக்குக் குறுக்கே முழங்கால் உயரத்தில் ஒரு வரம்பைக் கட்டிவிட்டு வண்டி அடுத்த வீதிக்குப் போய்விடும்.

வானத்திலிருந்து விழுந்த பனி வேறு, இந்த வரம்பு வேறு. முன்னது தும்புத்தடியால் கூட்டினாலே போய்விடும். வரம்போ உப்பும் மணலும் சேற்றுத் தண்ணீரும் கலந்து, கார்ச் சில்லுகள் நசித்து, வண்டித் தகடு அமத்தி, தலையளவு கட்டிகளாக உறைந்து கிடக்கும். சவளை வைத்துக் குத்தினால் டங் என்று திருப்பி அடிக்கும். பிளாஸ்டிக் சவள் என்றால் முறிந்தே போகும். வேலைக்குப் போகும் அவசரத்தில், கழுத்துப்பட்டியும் சப்பாத்துமாக ஒருவர் அதை உடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் அவருடைய வாயிலிருந்து வருவது முழுக்க மூச்சு ஆவி இல்லை என்று தெரியும்.

அந்த வரம்பை யார் அள்ளுவது? எங்கள் ரொறொன்ரோ என்ற ஒரே மாநகருக்குள்ளேயே இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. 1998 ஜனவரி 1 அன்று ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ, யோர்க், ஈஸ்ற் யோர்க், பழைய ரொறொன்ரோ என்று தனித்தனியே இருந்த சபைகளை எல்லாம் சேர்த்து ஒரே மாநகரசபை ஆக்கினார்கள். மேயர் ஒருவரானார். பனி மட்டும் ஒன்றாகவில்லை. ஸ்காபரோ போன்ற புறநகர்ப் பகுதிகளில், பனி கொஞ்சம் கூடுதலாகக் கொட்டினால், சபையே பின்னால் இன்னொரு வண்டியை அனுப்பி ஒரு கார் போகுமளவுக்கு வரம்பைத் திறந்துவிடும். பழைய நகரத்தின் நெருக்கமான வீதிகளில் அது கிடையாது. நடைபாதையிலும் இதே கதைதான் இருந்தது. புறநகரில் சபையின் சிறிய இயந்திரம் வந்து வழிக்கும். பழைய நகரத்தில் பனி நின்று 12 மணித்தியாலத்துக்குள் வீட்டுக்காரரே தன் வீட்டு முன்பாதையைத் துப்புரவாக்க வேண்டியிருந்தது. 2021-22 குளிர்காலத்தில்தான் அநேகமாக எல்லா நடைபாதைகளையும் சபை பொறுப்பெடுத்தது. சேர்ந்து இருபது வருடங்களுக்கு மேலாகியும், நகரத்தின் பழைய எல்லைகளைப் பனி பெய்த மறுநாள் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம் என்ற நிலைமை இருந்தது.

குளிர்காலம் பிறந்தால் எங்கள் குடும்பத்துத் தொலைபேசிகளில் ஒரு போட்டி தொடங்கும். ஒஸ்லோவில் சித்தப்பா, மொன்றியலில் மச்சான், லண்டனில் அக்கா, டெக்சாஸில் ஒரு மருமகன். யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்து, வாலிப வயதுவரை சுவெற்றர் போட்டிராத ஆட்கள் இப்போது குளிரைத் தங்கள் பரம்பரைக் காணிபோலக் கதைப்பார்கள். ஒருவர் பாகைக் கணக்குச் சொல்வார், மற்றவர் சென்றிமீற்றர் கணக்குச் சொல்வார். நான் இந்தக் கணக்குகளை வருடக்கணக்காகக் கேட்டுக் களைத்துவிட்டேன். எவ்வளவு குளிர், எவ்வளவு உயரம் என்பதில் ஒன்றும் பெரிதாக இல்லை. விழுந்த பனி யாருடையது, அதை யார் அள்ள வேண்டும் என்று அந்த ஊரில் பேசி முடித்துவிட்டார்களா என்பதுதான் விஷயம். பேசி முடித்த ஊர் ஒரு மீற்றரையும் தாங்கும். முடிக்காத ஊர் இரண்டு அங்குலத்தில் விழுந்துவிடும்.

ரொறொன்ரோவைப் பற்றிக் கனடாவின் மற்ற ஊர்க்காரர் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கும் கதை 1999 ஜனவரியில் நடந்தது. சபைகள் ஒன்றாகி அது இரண்டாவது குளிர்காலம். இரண்டு கிழமைக்குள் ஒரு மீற்றருக்கும் மேலே கொட்டியது. மேயர் மெல் லாஸ்ற்மன் இராணுவத்தைக் கூப்பிட்டார். கவசவண்டிகள் நகருக்குள் வந்தன. சிப்பாய்கள் சவளோடு இறங்கினார்கள். பிரின்ஸ் எட்வேட் தீவு போன்ற குட்டி மாகாணம் ஒன்று வண்டியும் ஆளும் அனுப்பி நாட்டின் மிகப் பெரிய நகரத்துக்கு உதவி செய்தது. அந்த அவமானம் கால் நூற்றாண்டு கடந்தும் தீரவில்லை. மொன்றியல் மச்சான் ஒவ்வொரு வருடமும் தவறாமல் கேட்பார்: “என்ன, இந்த முறையும் ஆமியைக் கூப்பிட்டாச்சோ?”

நான் மேயரின் கட்சி. அந்தப் பனி நின்று நின்று பெய்யவில்லை. முதலில் விழுந்ததை அள்ளிப் போட இடம் தேடுவதற்குள் அடுத்தது விழுந்தது. நிலத்துக்கு மேலே ஓடும் சுரங்க ரயில் பாதைகள் முடங்கின. ஆம்புலன்ஸ் போக வழியில்லை. கௌரவம் பார்த்துக்கொண்டு நாலு பேரைச் சாகவிடுவதைவிடச் சிரிப்புக்கு ஆளாவது எவ்வளவோ மேல். 2020 ஜனவரி 17 அன்று நியூபவுண்ட்லாந்தின் செயின்ற் ஜோன்ஸ் நகரில் ஒரே நாளில் 76 சென்றிமீற்றர் கொட்டியது. வாசல் கதவைத் திறந்தவர்களுக்கு முன்னால் கதவின் அச்சோடு ஒரு வெள்ளைச் சுவர் நின்றது. எட்டு நாள் அவசரகால நிலை. அங்கேயும் இராணுவம் வந்தது. பனியிலேயே பிறந்து வளர்ந்த ஊர் என்பதால் அவர்களைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை.

மச்சானின் பெருமைக்கு ஆதாரம் இல்லாமலில்லை. ஒரு பெப்ரவரியில் அவர் வீட்டில் தங்கியிருந்தபோது மொன்றியல் எப்படி அள்ளுகிறது என்று பார்த்தேன். அது சாதாரண துப்புரவு வேலை அல்ல, படையெடுப்பு. முதல் நாளே வீதியோரப் பனிக் குவியல்களில் செம்மஞ்சள் நிற அறிவிப்புப் பலகைகளைக் குத்திவிட்டார்கள். இத்தனை மணிமுதல் இத்தனை மணிவரை இந்தக் கரையில் கார் நிற்கக் கூடாது. நேரம் நெருங்கியதும் இழுவை லொறி ஒன்று ஊளையிட்டுக்கொண்டு வீதியில் வந்தது. மேலேயும் கீழேயும் இழுபடும் ஒரு விசித்திரச் சத்தம். அந்தச் சத்தம் கேட்டதும், பக்கத்து மாடியிலிருந்து ஒருவர் இரவுச் சட்டைக்கு மேலே கோட்டை மாட்டிக்கொண்டு, சப்பாத்துக் கயிறு கட்டாமல் ஓடிவந்தார். அவர் காரை எடுத்துவிட்டார். இன்னொரு கார்க்காரர் வரவில்லை. அவர் காரைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து வீதியில் வைத்தார்கள். அபராதம் அதற்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். காலமை தன் காரைத் தேடி அலைவது மொன்றியல்வாசிக்கு ஒரு குளிர்காலச் சடங்கு என்றார் மச்சான்.

பிறகு அணிவகுப்பு வந்தது. நடைபாதையில் சங்கிலிச் சில்லு போட்ட சிறு இயந்திரங்கள் ஓட்டமாக ஓடிப் பனியை வீதிக்குத் தள்ளின. பெரிய தகட்டு வண்டி அதை ஒரு நேர்கோட்டில் குவித்தது. அதன் பின்னால் ஊதும் இயந்திரம். பற்கள் சுழலும் ஒரு பெரிய வாய், அதிலிருந்து மேலெழும் ஒரு கழுத்து. குவியலை விழுங்கிப் பக்கத்தில் நகரும் லொறிக்குள் துப்பிக்கொண்டே போனது. ஒரு லொறி நிரம்பிய கணத்தில் அது விலக, அடுத்தது அதே வேகத்தில் அந்த இடத்துக்குள் நுழைந்தது. ஊதுவது ஒரு விநாடிகூட நிற்கவில்லை. அரை மணித்தியாலத்தில் வீதி கோடைகாலத்து வீதியாகிவிட்டது. பனியை ஒதுக்குவதல்ல, ஊரைவிட்டே கொண்டுபோவது.

மொன்றியலில் ஒரு குளிர்காலத்துக்குச் சராசரியாக இரண்டு மீற்றர் பனி விழும். வீதிகளும் நடைபாதைகளுமாக ஏறத்தாழ 10,000 கிலோமீற்றர். அள்ளி எடுப்பது வருடத்துக்கு ஒரு கோடிக் கனமீற்றருக்கும் மேலே. 10, 15 சென்றிமீற்றர் சேர்ந்தாலே இந்த அள்ளும் வேலை தொடங்கிவிடும். அது நகரம் முழுவதையும் சுற்றி முடிய நாலைந்து நாள் பிடிக்கும். கொண்டுபோன பனியில் ஒரு பகுதியை நிலத்தடிச் சாக்கடைகளுக்குள் கொட்டுகிறார்கள். இன்னொரு பெரிய பங்கு செயின்ற் மிஷேல் பகுதியில் உள்ள பிராங்கோன் என்ற பழைய சுண்ணாம்புக்கல் குவாரிக்குப் போகிறது. மார்ச் மாதத்தில் அந்தப் பள்ளத்துக்குள் ஒரு மலை நிற்கும். கோடை வந்து மக்கள் அரைக் காற்சட்டையோடு திரியும்போதும் கறுத்து, அழுக்கேறி, அது கரையாமல் கிடக்கும்.

மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் 2008 முதல் குளிர்கால ரயர் கட்டாயம். எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் அது உங்கள் இஷ்டம். போட்டால் காப்புறுதியில் சிறு கழிவு தருவார்கள், அவ்வளவுதான். இதைச் சொல்லும்போது மச்சானின் மீசை துடிக்கும். அந்தப் பெருமையை நான் அதிகம் வளரவிடுவதில்லை. 1998 ஜனவரியை ஞாபகப்படுத்துவேன். அந்த மாதம் மொன்றியலைச் சாய்த்தது பனியே அல்ல, மழை. விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறையும் மழை நாள்கணக்காகப் பெய்தது. மரங்கள் கிளை கிளையாக முறிந்தன. இரும்பு மின்கோபுரங்கள் பாரம் தாங்காமல் வரிசையாக மடிந்து விழுந்தன. முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் நடுக் குளிர்காலத்தில் மின்சாரமில்லாமல் இருந்தார்கள். சிலருக்கு ஒரு மாதம்வரை. ஆயிரக்கணக்கில் இராணுவம் வந்தது. அள்ளுவதற்குப் பழகிய ஊருக்கு, அள்ள முடியாத ஒன்று வந்தது.

இனி உப்பு. என் மாமி 90களில் முதன்முதல் கனடா வந்தபோது நடந்த ஒன்றை எங்கள் வீட்டில் இன்னும் சொல்வார்கள். ஜன்னலடியில் தேநீரோடு நின்றவர், லொறியொன்று பின்பக்கத்தால் எதையோ விசிறிக்கொண்டு போவதைக் கண்டு கேட்டார்.

“உதென்ன தம்பி, உரமோ?”

“உப்பு மாமி.”

“உப்போ? உப்பையோ றோட்டிலை கொட்டுறாங்கள்? ஐயோ, ஆக்கள் மிதிக்கப்போகினமே!”

உப்பில் இலட்சுமி இருக்கிறாள், சிந்தக் கூடாது, காலில் படக் கூடாது என்று வளர்ந்தவர். ஆனையிறவு உப்பளத்தைக் கடந்து போகும்போது பஸ் ஜன்னலால் அந்த வெள்ளைக் குவியல்களைப் பார்த்த தலைமுறை எங்களுடையது. அதைச் சோற்றுக்கும் கருவாட்டுக்கும் ஊறுகாய்க்கும் என்றுதான் நினைத்திருந்தோம். ஒன்ராறியோவில் கோடரிச் என்ற ஏரிக்கரைச் சிற்றூரில், ஹூரன் ஏரிக்கு அடியில் அரைக் கிலோமீற்றர் ஆழத்தில், உலகத்திலேயே பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. அங்கிருந்து வருவதில் பெரும்பகுதி கறிக்குப் போவதில்லை. வீதிக்குத்தான் போகிறது. அது வசந்தத்தில் கரைந்து ஓடைகளுக்குப் போய், நன்னீர் மீன்களுக்குத் தொல்லையாகிறது. கார்களின் அடிவயிற்றைத் துருவாக்குகிறது. மாமி பயந்ததில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது.

உப்புக்கும் ஓர் எல்லை உண்டு. சைபருக்குக் கீழே பத்துப் பாகையைத் தாண்டினால் அதன் வேலை மந்தமாகிவிடும். வினிப்பெக் போன்ற சமவெளி நகரங்களில் ஜனவரியில் கீழே முப்பது என்பது ஒரு செய்தியே அல்ல. அங்கே பல இடங்களில் மணலைத் தூவி ரயருக்குப் பிடிமானம் கொடுப்பதோடு சரி. பனி இறுகிய வீதியிலேயே வண்டி ஓட்டுகிறார்கள். அங்கே போய் நான் வியந்தது வேறொன்றைப் பார்த்து. கார்களின் முன்பக்கத்தில் மூக்குக்குக் கீழே ஒரு மின்வயர் தொங்கிக்கொண்டிருந்தது. வேலைத்தலத்து வாகனத் தரிப்பிடத்தில் ஒவ்வொரு காருக்கும் ஒரு மின்செருகி. இயந்திரத்தைச் சூடாக வைத்திருக்க, இரவில் காரைச் சுவரோடு கொளுவிவிட்டுத்தான் படுக்கிறார்கள். இது யார் செலவு என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

நாட்டின் மேற்குக் கரையில், குளிர்காலம் முழுக்க மழைக்குடையோடு நடமாடும் வன்கூவர் நகரத்துக்கு 2016-17இல் அதிசயமாகப் பனி வந்து, போகாமல் உட்கார்ந்துவிட்டது. குடியிருப்பு வீதிகளெல்லாம் கண்ணாடி. கடைகளில் உப்பு முடிந்தது. ஜனவரியில் மாநகரசபை தீயணைப்பு நிலையங்களில் உப்பை இலவசமாகக் கொடுக்கப்போவதாக அறிவித்தது. வாளிகளோடு வந்த கூட்டம் தள்ளுமுள்ளுப்பட்டது. பாதையில் போடக் கொடுத்த உப்பைச் சிலர் வீட்டுக்கு மூட்டையாக ஏற்றிப் போனார்கள். உலகின் மிகப் பெரிய உப்புச் சுரங்கம் உள்ள நாட்டில், உப்புக்கு வரிசை.

தெற்கே போகப் போக இந்தக் கதைகள் சிரிப்பிலிருந்து வேறிடத்துக்கு நகர்கின்றன. 2014 ஜனவரி 28, அட்லாண்டா. விழுந்தது மூன்று அங்குலம்கூட வராது. ஸ்காபரோவில் அதற்கு யாரும் சவளைத் தேடமாட்டார்கள். ஆனால் அங்கே ஆயிரக்கணக்கான மக்கள் நெடுஞ்சாலையில் காருக்குள்ளேயே இரவைக் கழித்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத் தரையில் படுத்தார்கள். சிலர் பள்ளி பஸ்ஸிலேயே. வீதியில் ஒரு குழந்தையும் பிறந்தது. வண்டிகளை விட்டு நடந்தவர்களுக்குக் கட்டடச் சாமான் கடைகள் கதவைத் திறந்து, உள்ளே படுக்க விட்டன. வடக்கே இருந்தவர்கள் பனியில் ஓட்டத் தெரியாதவர்கள் என்று எள்ளினார்கள். நடந்தது அதுவல்ல. பனி விழத் தொடங்கியதும் நண்பகலளவில் பள்ளிகளும் கந்தோர்களும் அரசாங்கமும் ஒரே நேரத்தில் எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டன. ஊர் முழுவதும் ஒரே மணியில் வீதிக்கு இறங்கியது. சக்கரங்களின் சூட்டில் உருகிய பனி உடனே ஐஸாகியது. உப்பு வண்டிகள் அந்த நெரிசலுக்குள் நுழைய முடியவில்லை. நூறு வண்டிகள் கூடுதலாக வைத்திருந்தாலும் அவையும் அந்த வரிசையில் நின்றிருக்கும். யார் முதலில் போவது, யார் பொறுப்பது என்று ஒருவரோடொருவர் பேசாததுதான் குறை. எப்போதாவது வரும் விருந்தாளிக்கு அட்லாண்டா படை வைத்திருக்கத் தேவையில்லை. ஒரு தொலைபேசி அழைப்புப் போதுமாயிருந்தது.

டெக்சாஸை அப்படி மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. 2021 பெப்ரவரியில் அங்கே குளிர் இறங்கியபோது எரிவாயுக் கிணறுகளின் வாய் உறைந்தது. மின்நிலையங்கள் நின்றன. 45 இலட்சம் வீடுகளும் வியாபாரத் தலங்களும் இருளில் மூழ்கின. மின்வலை முழுவதும் சரிந்துபோவதற்கு 4 நிமிடமும் 37 விநாடியும்தான் மிச்சமிருந்தது என்று பிறகு தெரிவித்தார்கள். அரசாங்கக் கணக்கில் 246 பேர் இறந்தார்கள். சூட்டுக்காகக் காரை மூடிய கராஜுக்குள் ஓடவிட்டு, புகை மூட்டி இறந்தவர்களும் அதில் உண்டு. 2011இலும் இதே மாதிரி ஒரு குளிர் வந்து, நிலையங்களைக் குளிர்காப்புச் செய்யுங்கள் என்று மத்திய அமைப்புகள் அறிக்கை எழுதியிருந்தன. ஆனால் செய்தே ஆக வேண்டும் என்ற சட்டம் யார் தலையிலும் விழவில்லை. மத்திய அரசின் கட்டுப்பாடு வேண்டாம் என்று டெக்சாஸ் தன் மின்வலையைப் பெரும்பாலும் தனியாகவே வைத்திருப்பதால், அயல் மாநிலங்களிலிருந்தும் போதுமான மின்சாரம் எடுக்க முடியவில்லை. பத்து வருட அவகாசம் கிடைத்தது. யாருடைய வேலை என்பதுதான் தீர்மானமாகவில்லை.

மருமகன் அப்போது ஒரு படம் அனுப்பியிருந்தான். வரவேற்பறையின் கூரைச்சீலிங் வயிறு தள்ளி வெடித்து, சோபாவின்மேல் தண்ணீர் கொட்டுகிறது. அங்கே தண்ணீர்க் குழாய்களைக் கூரைக்குள்ளாலும் வெளிச்சுவருக்குள்ளாலும் கொண்டுபோயிருக்கிறார்கள். வெயிலுக்குக் கட்டிய வீடு. எங்கள் பக்கத்தில் அவை ஒரு மீற்றருக்கும் கீழே, உறைபனி எட்டாத ஆழத்தில் வருகின்றன. “மாமா, உங்கட வீட்டிலை குழாய் எங்க ஓடுது எண்டு உங்களுக்குத் தெரியுமே?” என்று கேட்டான். தெரியாது. எங்கள் ஊரில் அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியது கட்டட விதிகளின் வேலை.

பொறுப்பு யாருடையது என்பதை மக்கள் தாங்களே தீர்மானித்துக்கொண்ட வேடிக்கையும் இருக்கிறது. பொஸ்டனில், வீதியோரத்தில் பனிக்குள் புதைந்த காரை இரண்டு மணித்தியாலம் கிண்டி எடுத்தவர், வேலைக்குப் போகுமுன் அந்த வெற்றிடத்தில் ஒரு பழைய கதிரையை வைத்துவிட்டுப் போவார். உடைந்த ஸ்திரிக்கை மேசை, போக்குவரத்துக் கூம்பு, குழந்தைத் தள்ளுவண்டி எதுவும் செல்லும். அள்ளியவனுக்கே நிலம். வீதி பொதுச்சொத்து என்று சட்டம் சொன்னாலும், அவசரநிலை முடிந்து 48 மணித்தியாலம்வரை மாநகரசபை அதைக் கண்டுங்காணாமல் விடுகிறது. கதிரையைத் தூக்கி எறிந்துவிட்டுக் காரை விடுகிறவனுக்குத் திரும்பி வரும்போது ரயரில் காற்று இருக்காது என்பது எழுதாச் சட்டம். 2014-15 குளிர்காலத்தில் பொஸ்டனில் 108 அங்குலத்துக்கு மேல் விழுந்து, அள்ளிக் குவித்த கடைசிக் குவியல் ஜூலை 14 அன்றுதான் கரைந்து முடிந்தது. அந்த வருடம் கதிரைகளுக்கு எவ்வளவு கிராக்கி இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன். சிக்காகோவிலும் இந்த வழக்கம் உண்டு. எனக்கு இதில் முழு உடன்பாடில்லை. அள்ள உடம்பில் பலம் இல்லாதவருக்குப் பங்கில்லாத நீதி அது.

இதற்கு நேரெதிரான ஏற்பாட்டை ஜப்பானில் நீகட்டா மாநிலத்தார் கண்டுபிடித்திருக்கிறார்கள். சைபீரியாவிலிருந்து வரும் உலர்ந்த குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை உறிஞ்சி, மலையில் மோதி, கரையோரத்தில் கொட்டுகிறது. அங்கே டக்கடா என்ற பழைய கோட்டை நகரில் 1945 பெப்ரவரியில் நிலத்தில் கிடந்த பனியின் உயரம் 3.77 மீற்றர். முன்னொரு காலத்தில், இதற்குக் கீழேதான் டக்கடா இருக்கிறது என்று வழிப்போக்கருக்குப் பலகை நட்டு வைத்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். பொய்யாக இருந்தாலும் நல்ல பொய். அந்த ஊரில் வீதியோர வீடுகள் ஒவ்வொன்றும் தன் முன்கூரையை நடைபாதை அகலத்துக்கு நீட்டிவிட்டிருக்கின்றன. பக்கத்து வீட்டுக் கூரையோடு அது தொடுக்கும், அதனோடு அடுத்தது. பனி வீதியை மூடினாலும் மக்கள் அந்தக் கூரை நிழலிலேயே ஊர் முழுவதும் நடக்கலாம். இப்போதும் எல்லாவற்றையும் கூட்டினால் 16 கிலோமீற்றர்வரை வரும். ‘கங்கி’ என்பது பெயர். கூரையும் அதன் கீழுள்ள நிலமும் வீட்டுக்காரருக்குச் சொந்தம். நடக்கும் உரிமை எல்லோருக்கும். பருத்தித்துறையில் வீதிக்கு மேலேயே கூரை போட்டு, வண்டியும் ஆளும் அதற்குள்ளால் போகும்படி கட்டிய தெருமூடிமடத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். நாங்கள் வெயிலுக்குக் கட்டினோம்.

கங்கியின் பலவீனமும் அதிலேயே இருக்கிறது. ஒரு வீடு இடிந்து வாகனத் தரிப்பிடமானால் அந்த இடத்தில் கூரை அறுந்துவிடும். பனி அந்த இடைவெளிக்குள் வந்து உட்காரும். இளையவர்கள் தோக்கியோவுக்குப் போய்விட்ட ஊர்களில் இது கூடிக்கொண்டே வருகிறது. கூரைமேல் பனியைத் தள்ள ஏறி விழுந்து இறக்கிறவர்களில் மிகப் பலர் முதியவர்கள். அள்ள வேண்டியவர் யார் என்பதில் அங்கே குழப்பமே இல்லை, அள்ள ஆள்தான் இல்லை. அதே மாநிலத்திலுள்ள நகாவோகாவில் வேறு வழி பார்த்தார்கள். வீதியின் நடுவே குழாய் பதித்து, நிலத்தடி நீரைச் சிறு துளைகளால் பீச்சியடித்துப் பனியைக் கரைக்கிறார்கள். குளிர்காலத்திலும் நிலத்தடி நீர் இளஞ்சூடாக இருக்கும். அதிலுள்ள இரும்பு படிந்து வீதிகளெல்லாம் செங்காவி நிறம். அதிகமாக இறைத்ததில் நிலம் தாழ்ந்த இடங்களும் உண்டு.

கடலை ஏரியாக்கினால் நீகட்டாவில் நடப்பதுதான் எங்களிலிருந்து இரண்டு மணித்தியாலக் கார் ஓட்டத்தில் இருக்கும் பவலோவிலும் நடக்கிறது. ஈரி ஏரியின் நீளவாக்கில் தென்மேற்குக் காற்று ஓடி வந்து, அதன் கிழக்கு முனையில் இருக்கும் அந்த நகரத்தின்மேல் மூட்டையை அவிழ்க்கிறது. ரொறொன்ரோ ஒன்ராறியோ ஏரியின் வடகரையில் இருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. அதில் எங்கள் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. 2014 நவம்பரில் பவலோவின் தென்புறநகரில் இரண்டு மீற்றர் பனி. சில மைல் வடக்கே புல் தெரிந்தது. பனிக்கு இவ்வளவு பழகிய ஊர் அமெரிக்காவில் அதிகமில்லை.

அந்த ஊரில்தான் 2022 நத்தாருக்கு 40 பேருக்கு மேல் இறந்தார்கள். பனியின் அளவைவிடக் காற்று. முப்பது மணித்தியாலத்துக்கும் மேலாக முன்னால் நீட்டிய கை தெரியாத வெள்ளை. வண்டி ஓட்டத் தடை வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குத்தான் வந்தது. அதற்குள் பலர் வேலைக்குப் போயிருந்தார்கள், அல்லது நத்தாருக்கு முந்திய நாள்களின் சம்பளத்தை விட முடியாமல் புறப்பட்டிருந்தார்கள். அவர்களைத் தேடிப் போன ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் பனி வாரும் வண்டிகளுமே புதைந்தன. சிலர் காருக்குள், சிலர் வீதியில், சிலர் மின்சாரமில்லாத வீட்டுக்குள் உறைந்து இறந்தார்கள். கறுப்பின மக்கள் செறிந்து வாழும் கிழக்குப் பகுதியில் இழப்பு அதிகம். தடை ஓர் இரவு முன்னால் வந்திருந்தால் என்று அங்கே இன்னும் கேட்கிறார்கள். நானும் கேட்பேன்.

பவலோவை ஒட்டியிருக்கும் சீக்ற்றவாகாவில், அந்த வெள்ளிக்கிழமை இரவு காரில் சிக்கிய ஒருவர் அயல் வீடுகளின் கதவைத் தட்டிப் பார்த்தார். எவரும் உள்ளே விடவில்லை. கடைசியில் பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத்தின் ஜன்னலை உடைத்து உள்ளே போனார். வெளியே திரும்பி வந்து, வீதியில் சிக்கியிருந்தவர்களை ஒவ்வொரு காராகத் தட்டிக் கூட்டிப்போனார். இருபதுக்கு மேற்பட்ட ஆட்கள், நாய்களும். சிற்றுண்டிச்சாலையில் இருந்ததைச் சாப்பிட்டார்கள். புறப்படும்போது இடத்தைத் துப்புரவாக்கினார்கள். ஜன்னலை உடைத்ததற்கு மன்னிப்புக் கேட்டு அவர் ஒரு கடிதம் எழுதி வைத்தார். பொலிஸார் கமராப் பதிவைப் பார்த்து அவரைத் தேடியது நன்றி சொல்வதற்கு. பள்ளிக்கூடத்தில் ஒரு பனி ஊதும் இயந்திரம் இருந்தது. அதை எடுத்துத்தான் கார்களைக் கிண்டி வெளியே எடுத்திருக்கிறார்கள்.